கார் நிற்கும்போது இன்ஜின் ஓட்டம் (ஐடில்) துடிக்கிறதா? முதலில் ரப்பர் குழாயைப் பாருங்கள்

வேலூர் வெயிலில் சில வருடம் ஓடிய பெட்ரோல் காரில் வாக்குவம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சு விசை செல்லும் ரப்பர் குழாய்) காய்ந்து வெடிப்பது சகஜம். அந்த வெடிப்பு வழியே கணக்கில் வராத காற்று இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறையும். ஐடில் ஏறி இறங்கும்.

காரின் கோளாறு குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) வந்தால் உடனே சென்சாரை மாற்றிவிடாதீர்கள், காசுதான் வீண். ஃப்யூவல் டிரிம்மை, அதாவது கலவையைச் சரிசெய்ய காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். ஐடிலில் +20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். ஹோஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். ஐடில் மாறும் இடத்தில்தான் ஓட்டை. மின் இணைப்புகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

சரி, ஏலகிரி மலை ஏறும்போதுதான் டிரிம் கூடுகிறதா? அப்படியானால் பெட்ரோல் போதுமான அளவு வராமல் இருக்கலாம், ஃப்யூவல் ஃபில்டரையும் பம்ப் பிரஷரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.