உப்புக் காற்றில் நஞ்சில்லாத வீடு: திருகோணமலையில் கட்டுபவர்களுக்கு

திருகோணமலையில் வீடு கட்டுகிறவர் எந்தப் பொருளை வாங்கினாலும் அதை முதலில் சோதித்துப் பார்ப்பது கடற்காற்றுத்தான். உப்புவெளியிலோ சாம்பல்தீவிலோ கரைக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டில், பூசி இரண்டு ஆண்டான யன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு தோலாக உரியும். அதன் கீழே துரு பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தக் கம்பியைத் திரும்பவும் தேய்த்து, தின்னர் கலந்து, பூச வேண்டும். மேலும் இரண்டு ஆண்டுகளில் அதே வேலை மறுபடியும் வரும். ஆகவே நஞ்சில்லாத பொருள் எது என்று கேட்பதற்கு முன்னர், இந்தக் காற்றில் நின்றுபிடிக்கும் பொருள் எது என்று கேட்பது நல்லது. வாளியில் பச்சை இலை அச்சிட்டிருந்தாலும், அடிக்கடி சுரண்டிப் பூச வேண்டிய பொருள் அந்த நஞ்சை வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் தவணை முறையில் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

கூரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் எங்கள் பகுதியில் மிகப் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. நாம் சாதாரணமாக ‘சீற்’ என்று சொல்லும் கூரைத் தகட்டிலும், சீலிங்குக்கு அடிக்கும் தட்டையான தகட்டிலும் பெரும்பாலும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், கலந்திருக்கிறது. அதன் எல்லா வகைகளும், இன்று விற்கப்படும் வெள்ளைக் கல்நார் உட்பட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. இலங்கை நீலக் கல்நாரை 1987இலேயே தடை செய்தது. வெள்ளைக் கல்நாரின் இறக்குமதியை 2018இன் தொடக்கத்திலிருந்து நிறுத்தவும் தீர்மானம் இருந்தது. ஆனால் 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதாகக் கூறி, எங்களுக்கு வெள்ளைக் கல்நாரை விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலையை வாங்குவதை இடைநிறுத்தியதும் அந்தத் தடை பின்தள்ளப்பட்டது. ஆகவே கடையில் தாராளமாகக் கிடைப்பதால் அது பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தேயிலை வியாபாரத்துக்கும் உங்கள் சுவாசப்பைக்கும் சம்பந்தமில்லை.

பழைய வீட்டில் ஏற்கெனவே கல்நார்ச் சீற் இருந்தால் பதற்றப்பட்டு உடைத்து இறக்குவது இருக்கும் ஆபத்தைப் பெருக்கும். உடையாமல், வெடிக்காமல் இருக்கும் தகட்டிலிருந்து இழைகள் அதிகம் வெளியேறுவதில்லை. வெட்டும்போதும், துளையிடும்போதும், தேய்க்கும்போதும்தான் அவை காற்றில் கலக்கின்றன. மாரி முடிந்த பின்னர் கூரையில் ஏறிப் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவது எங்கள் தெருக்களில் வழக்கமான காட்சி; அந்த உலர்ந்த தூளைத்தான் கீழே நிற்கும் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், தகட்டை நன்றாக நனைத்து, ஆணிகளை நிதானமாகக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும். வேலை செய்பவர் நுண்ணிழையைத் தடுக்கும் முகமூடி அணிய வேண்டும். வாயில் துவாய் கட்டுவது போதாது. உடைந்த துண்டுகளை ஒழுங்கையின் பள்ளத்தை நிரப்பப் போடுவதையும், கோழிக்கூட்டுக்குக் கூரையாக வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

புதிய கூரைக்கு என் தெரிவு சுட்ட களிமண் ஓடு. அது துருப்பிடிக்காது, எதையும் கசியவிடாது, கச்சான் வீசும் மாதங்களில் தகரத்தைப்போல் கொதிப்பதுமில்லை. தங்கொட்டுவை, வாய்க்கால் பகுதிகளிலிருந்து வரும் புதிய ஓடுகளை விட, இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய ஓடுகளை நான் விரும்புகிறேன். அவற்றைச் சுடுவதற்கான விறகு என்றோ எரிந்து முடிந்துவிட்டது. புதிதாக எதுவும் எரிய வேண்டியதில்லை. வாங்கும்போது ஓட்டை விரல் மூட்டால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அடிப்பக்கம் உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியதை நினைவில் வைத்து, இறவாரத்து வரிகளையும் முகட்டு வரிகளையும் நாகம் (சிங்க்) பூசிய கம்பியால் சிலாகையோடு கட்டச் சொல்லுங்கள். பணம் போதாவிட்டால் கல்நார் கலக்காத நார்ச் சீமெந்துத் தகடும் கிடைக்கிறது. ஆனால் ‘கல்நார் இல்லை’ என்பது பொதியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள், கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்க வேண்டாம்.

மணலுக்கு வருவோம். கடற்கரை மணல் இலவசம்போலத் தோன்றும். அதிலுள்ள உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியை உள்ளிருந்தே அரித்துவிடும். கம்பி துருவேறும்போது பருத்து, அதன் மேலுள்ள கொங்கிறீற்றை வெடிக்க வைக்கிறது. புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கன் ஆகியவற்றோடு அதில் மொனசைற்றும் கலந்திருக்கிறது. மொனசைற்றில் தோரியம் என்னும் கதிர்வீச்சுத் தனிமம் உள்ளது. அத்தகைய மணலை அத்திவாரத்துக்குள்ளோ தரைக்குக் கீழோ நிரப்பலாகாது.

ஆற்று மணலுக்கும் விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது மகாவலி. கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் அளவுக்கு மீறி மணல் அள்ளினால் கரை சரிகிறது, ஆற்றுப்படுக்கை தாழ்கிறது, கடல்நீர் ஆற்றுக்குள் மேலும் உள்ளே வருகிறது. ஆதலால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரத்தோடு வரும் ரிப்பர் லொறியிலிருந்து மாத்திரம் வாங்குங்கள். சுவர் கட்டுவதற்கும் தரை போடுவதற்கும் கல்லுடைக்கும் இடத்துக் கல்தூளை ஓரளவு சேர்த்து ஆற்று மணலைக் குறையுங்கள். மணல் வந்து இறங்கியதும் ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணல் இட்டு, நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேலே படியும் வண்டல், மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கியூபைத் திருப்பி அனுப்புவதே சரி. ரிப்பர்க்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நீரும் அதே போன்றதே. நிலாவெளிப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் வறட்சிக் காலத்தில் உவர் ஏறுவதால், குடிக்க முடியாத நீரில் கொங்கிறீற்றைக் குழைக்க விடாதீர்கள்.

சீமெந்தைப் பற்றி ஒரு தெளிவு தேவை. உலகில் மனிதரால் வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. அதற்காகச் சீமெந்தே இல்லாமல் கட்டலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. குறைவாகவும் சரியான வகையிலும் பயன்படுத்தலாம். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்து செய்யப்படும் கலப்புச் சீமெந்தில் சுட்ட சுண்ணக்கல்லின் பங்கு குறைவு; கடலுப்பு உட்புகுவதையும் அது சாதாரண சீமெந்தை விட நன்றாகத் தடுக்கிறது. இந்த ஊருக்கு இரண்டு வகையிலும் பொருத்தமானது என்பதால் அதையே கேட்டு வாங்குங்கள். ஆனால் அது மெதுவாக வலுவேறும்; குறைந்தது பத்து நாட்களுக்காவது ஈரம் காயாமல் நீர் விட வேண்டும், மூன்றாம் நாளே பலகையைக் கழற்றும் மேசன் பாஸுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே 40 முதல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று இருக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அந்த ஒரு விரலளவு மிச்சம்பிடித்த வீடுகளில்தான் பத்தாண்டுக்குள் பீம் வெடிக்கிறது.

சுவருக்குச் செங்கல், சீமெந்துக் கல், அழுத்திய மண்கல் ஆகிய மூன்றும் இங்கு சாத்தியம். சுட்ட செங்கல் நல்லது; ஆனால் செங்கல் வாடிகள் விறகை விழுங்குகின்றன, களிமண்ணை வயலிலிருந்தும் குளத்திலிருந்தும் எடுக்கின்றன. மண்கல்லுக்கு மாவட்டத்தின் உட்பகுதிகளிலுள்ள செங்கபில நிற மண் ஏற்றது. மேலே உள்ள இலைமக்கு மண்ணை விலக்கி அடிமண்ணை எடுத்து, ஏறத்தாழ 5 சதவீதம் சீமெந்து கலந்து, கைநெம்பு இயந்திரத்தில் அழுத்தி, நான்கு கிழமை நிழலில் ஈரமாக வைத்தால் சுடாமலே கல்லாகிவிடும். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு: நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கருங்கல்லால் பீடம் கட்டி, இறவாரத்தை நன்றாக வெளியே நீட்டினால் மாத்திரமே அது வாடைக்கால மழையைத் தாங்கும். இவ்விரண்டையும் செய்ய முடியாதவர் சீமெந்துக் கல்லில் கட்டுவதே நேர்மையான முடிவு.

சுண்ணாம்புச் சாந்தை விரும்புவோர் எந்தச் சுண்ணாம்பு என்று கேட்க வேண்டும். முன்னோர் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டவிரோதம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டதே அந்த முருகைக்கற்களுக்காகத்தான். மாத்தளைப் பகுதித் தொலமைற்றுக் கல்லில் சுட்ட சுண்ணாம்பு அந்தக் குற்றத்திலிருந்து விடுபட்டது. குழைக்கும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம். அது நஞ்சல்ல, ஆனால் கண்ணைச் சுட்டுவிடும்.

மரத்தில் பனையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையில் அறுத்த சிலாகையை மூக்கருகே பிடித்துப் பாருங்கள்: கறுப்பு நார்கள் நெருக்கமாக, குதிரைவால் மயிர்போல், வரிசையாகத் தெரியும், நடுவிலிருந்து அறுத்த வெளிறிய சிலாகையில் அவை ஐதாக இருக்கும், அதைக் கறையான் ஒரு மாரியில் தின்றுவிடும். கறுப்பு நார் நெருங்கியதை எடுத்தால் மருந்து அடிக்கும் தேவையே பெரும்பாலும் இல்லை. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது என்பதால், மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான பத்திரத்தைக் கேளுங்கள். கதவு, நிலைகளுக்கு வேம்பு போதும். முதிரையின் அழகை மறுக்கவில்லை. காட்டிலிருந்து களவாக வந்த முதிரையை விட வளவில் நின்ற வேம்பு எனக்கு மேலானது. மென்மையான மரங்களைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைக்கலாம். மழையில் அது கழுவுண்டு போகும் என்பதால் வீட்டுக்குள் பயன்படும் மரத்துக்கு மாத்திரம். செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய பச்சைச் சாயலுள்ள மரத்தை உள்ளே வைக்க வேண்டாம். அதன் கழிவை அடுப்பில் எரிக்கவே கூடாது, ஆர்சனிக் சாம்பலில் தங்கிவிடும். கறையானுக்காக அத்திவாரத்தைச் சுற்றி இரசாயனம் ஊற்றுவதும் இந்த மணற்பாங்கான நிலத்தில் அபாயமே, ஏனெனில் கிணறு பத்து முழத் தூரத்தில் இருக்கிறது.

ஒட்டுப்பலகையில் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். குசினிக்கு மலிவான துகள்பலகை அலுமாரிகளைப் பொருத்தினோம். கதவைத் திறந்தபோதெல்லாம் கண் எரிந்தது. கடைக்காரரிடம் கேட்டபோது, “அண்ணை, ரெண்டு கிழமையில மணம் போயிடும்” என்றார். எட்டு மாதம் போகவில்லை. அந்தப் பலகைகளை ஒட்டும் யூரியா போர்மல்டிகைட்டுப் பசையிலிருந்து வாயு நீண்ட காலம் கசிகிறது, வெப்பமும் ஈரப்பதனும் கூடினால் கசிவும் கூடுகிறது. இரண்டும் எங்கள் ஊரில் குறைவில்லை. போர்மல்டிகைட்டைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. பலகை வாங்கியே ஆக வேண்டுமெனில் இந்த வாயுக் கசிவு குறைவு என்பதைக் காட்டும் ஈ-1 அல்லது ஈ-0 தரக்குறி உள்ளதை வாங்கி, வெட்டிய விளிம்புகளை முழுமையாக மூடுங்கள். இல்லாவிட்டால் சீமெந்துத் தட்டும் வேப்பங்கதவும் போதும். நாங்கள் கடைசியில் அதைத்தான் செய்தோம்.

பூச்சில் பார்க்க வேண்டியது ஈயமும் கரைப்பானும். பூச்சிலுள்ள ஈயத்துக்கு 2011இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை உச்சவரம்பு விதித்தது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் பரிந்துரைப்பது பத்து இலட்சத்தில் 90 பங்கு. வாளியில் ஈயத்தின் அளவு எழுதப்படாத எனாமலை, குறிப்பாக அடர் மஞ்சள், சிவப்பு நிறங்களை, வாங்க வேண்டாம். கம்பிகளுக்குச் சிவப்பு ஈயப் பூச்சுக்குப் பதிலாக, நாகம் பூசிய கம்பியை முதலிலேயே எடுத்து, சிங்க் பொஸ்பேற்று அடிப்பூச்சு அடித்தால் இந்தக் காற்றில் கூடுதல் காலம் பிழைக்கும். பழைய வீட்டுப் பூச்சை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். உட்சுவருக்கு நீரில் கரையும் எமல்சன் அல்லது பழைய சுண்ணாம்பு வெள்ளையே போதும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

வேலையை மாரி முடிந்த பின்னர் தொடங்கினால், பூச்சு வேலை கச்சான் வீசும் மாதங்களில் வந்து சேரும். பூசி முடித்ததும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வைத்து, மூன்று கிழமையாவது காற்று ஓடவிட்ட பின்னரே குழந்தைகளோடு குடிபோங்கள். தூரிகைகளைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம். பழைய வாளியொன்றில் கழுவி, படிவதைக் காயவிட்டு, குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.