கடலூர், புதுச்சேரி வீடுகளில் கிடக்கும் பழைய மீம்களை மீட்டெடுப்பது எப்படி?

மீம் என்ற சொல் நம் பக்கம் புழங்குவதற்கு முன்பே இணையத்தில் சிரிப்பு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதில் மிஞ்சியது இப்போது நான்கு இடங்களில் இருக்கிறது: பழைய போனின் மெமரி கார்டு, பிரவுசிங் சென்டரில் எழுதி வாங்கிய சிடி, பரணில் ஏற்றிவைத்த சிபியு, பல வருடமாகத் திறக்காத மெயில் கணக்கு. இவை வந்த வாசல்கள் பலவும் அடைபட்டுவிட்டன. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018-இலும், யாஹூ குழுக்கள் 2020-இலும் போயின. இணையத்தில் அசையும் கேலிப்படங்களை ஓட்டிய ஃபிளாஷை அடோபி 2020 கடைசியில் கைவிட்டது. அதனால் உங்கள் பீரோவில் இருக்கும் பிரதியே கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

நம் ஊரில் இதற்கு அவசரமும் உண்டு. உப்புக்காற்று உலோகத்தைத் தின்கிறது. 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல் என்று தண்ணீர் வேறு வீட்டுக்குள் வந்துபோகிறது.

முதலில் மெயில்

செலவே இல்லாத வேலை இதுதான், கெடு வைத்த வேலையும் இதுதான். கூகுள் கணக்கை 2 வருடம் தொடாமல் விட்டால் அழித்துவிடும் உரிமை கூகுளுக்கு உண்டு. யாஹூவில் 12 மாதம் உள்ளே போகாவிட்டாலே பெட்டி காலியாகலாம். இன்றே உள்ளே போய், தலைப்பில் ‘ஃபார்வர்டு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இருக்கும் மெயில்களைத் தேடுங்கள். 2000-களின் தொடக்கத்தில் சிரிப்புப் படங்கள் பெரும்பாலும் பவர்பாயின்ட் ஷோ கோப்பாகவோ விண்டோஸ் மீடியா வீடியோவாகவோ இணைந்து வந்தன. இணைப்பை மட்டும் இறக்கினால் பாதி வேலைதான் முடிந்தது. மெயிலையே முழுதாகச் சேமியுங்கள். தேதியும், கைமாறி வந்த வரிசையும் அதில்தான் இருக்கும். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற முகவரிப் பட்டியலை மட்டும் பிறருக்குக் கொடுக்கும் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கார்டைச் செருகும் முன்

பச்சை பூத்த, கறுத்த தொடுமுனையோடு இருக்கும் கார்டை அப்படியே ரீடரில் செருகக் கூடாது. மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக்குச்சியில் 2 சொட்டு தொட்டு, பொன்னிற முனைகளின் மேல் ஒரே திசையில் துடையுங்கள். கறை போகாவிட்டால் பென்சில் ரப்பரால் மெதுவாக நாலைந்து முறை தேய்த்து, மறுபடி ஐபிஏ போட்டு, 10 நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். முனையில் பூசியிருக்கும் மெல்லிய தங்கப்பூச்சு போய்விட்டால் அதன் கீழே இருப்பது இன்னும் வேகமாக அரிக்கும்.

எந்தக் கார்டு என்று பாருங்கள். நோக்கியா 6600 எடுத்துக்கொண்டது எம்எம்சி. எஸ்டி கார்டின் அளவுதான், ஆனால் மெலிது. பல எஸ்டி ரீடர்களில் அப்படியே போகும். அதற்குப் பின் வந்த சில நோக்கியாக்களில் பாதி நீளமுள்ள ஆர்எஸ் எம்எம்சி இருந்தது. அதற்கு ஒரு நீட்டிப்பு அட்டை தேவை. சோனி எரிக்சனின் எம்2 கார்டுக்குத் தனி ரீடர் வேண்டும், இப்போது புதிதாகக் கிடைப்பது சிரமம். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய எலக்ட்ரானிக் சாமான் பரப்பியிருக்கும் இடங்களில் ‘எல்லாக் கார்டும் போகும்’ பழைய ரீடரைத் தேடிப்பாருங்கள். ஆனால் அங்கே கிடைக்கும் பழைய கார்டை வாங்கி அதில் மீட்புச் சாப்ட்வேரை ஓட்டாதீர்கள். அழித்த குடும்பப் படங்கள் முதற்கொண்டு வெளியே வரும். அது இன்னொருவர் வீட்டு விஷயம்.

கார்டு கம்ப்யூட்டரில் தெரியவே இல்லையா? செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நோக்கியாவில் கார்டுக்கே கடவுச்சொல் போடும் வசதி இருந்தது. அப்படிப் பூட்டிய கார்டை கம்ப்யூட்டர் ஏற்காது. ஓடக்கூடிய ஒரு பழைய நோக்கியாவில் போட்டு, கடவுச்சொல்லை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

நகல் எடுப்பது

இங்கே ஒரே விதி: பழைய கார்டில் எதையும் எழுதக் கூடாது. மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரில் போட்டு, பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டுச் செருகுங்கள். ‘ஃபார்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’. இந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் ‘ஓகே’ கொடுத்துத் தொலைந்த தொகுப்புகள் ஏராளம்.

கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல் கார்டை முழுதாக ஒரே இமேஜ் கோப்பாக எடுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் இருக்கிறது. கோப்புக்குப் பெயர் கொடுத்து ‘ரீட்’ பட்டனை அழுத்த வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘ரைட்’டை அழுத்தினால் எல்லாம் முடிந்தது, அதற்காகவும்தான் அந்தப் பூட்டு. 2 ஜிபி கார்டுக்கு 2 ஜிபி இமேஜ் வரும், உள்ளே 50 எம்பிதான் இருந்தாலும். நடுவில் பிழை காட்டி நிற்கும் கார்டுக்கு லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நல்லது. அது படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

அழிந்த கோப்புகளைத் தேட இமேஜின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். இலவசம். படம், ஜிஃப், 3ஜிபி வீடியோ எல்லாம் எடுக்கும். ஆனால் கோப்பின் தொடக்கக் குறியை வைத்துத் தேடுவதால் பழைய பெயரும் தேதியும் வராது. எனவே அழியாமல் இருக்கும் கோப்புகளைப் பெயரோடும் தேதியோடும் முதலில் தனியே எடுத்துவிட்டு, ஃபோட்டோரெக் தருவதை வேறு ஃபோல்டரில் வையுங்கள். இரண்டையும் கலந்தால் பின்னால் பிரிக்கவே முடியாது.

3ஜிபி வீடியோ விஎல்சி பிளேயரில் ஓடும். 176க்கு 144 புள்ளிதான் இருக்கும், மங்கலாகத்தான் தெரியும். அதைப் பெரிதாக்கி, ‘தெளிவாக்கும்’ ஆப்பில் போட்டு, மூலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மொபைல் கடையில் கார்டில் ஏற்றிக்கொடுத்த காமெடிக் கிளிப்பின் அசல் உருவமே அந்த மங்கல்தான்.

சிடியும் ஹார்டு டிஸ்கும்

சிடியின் தரவு நாம் மதிக்காத பக்கத்தை ஒட்டி இருக்கிறது. பெயர் எழுதும் மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் பிரதிபலிக்கும் படலம். அங்கே கீறல் விழுந்தாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ தரவும் சேர்ந்து போகும். அடிப்பக்கத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவு ஓடும் திசையிலேயே விழும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். குறைந்த வேகத்தில் வைத்து இரண்டு மூன்று டிரைவில் முயன்ற பிறகு கைவிட்டால் போதும்.

பழைய 3.5 அங்குல ஹார்டு டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும். யுஎஸ்பி தருவது 5 வோல்ட், ஆகவே தனி பவர் அடாப்டர் உள்ள இணைப்பியாகப் பாருங்கள். அகலமான 40 ஊசி இணைப்பு என்றால் அது ஐடிஇ என்ற பழைய வகை. டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேல் கீறல் விழுந்துகொண்டிருக்கலாம்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்குக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. அரிசியில் புதைப்பது, வெயிலில் வைப்பது எல்லாம் கெடுதல். டிஸ்கில் காற்றுக்கான சின்னத் துளை ஒன்று இருக்கும், சேறு அந்த வழியாக உள்ளே போயிருக்கும். காய்ந்தால் அது தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் முறை. நனைந்த சிடிக்கு இவ்வளவு பயம் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, நிறுத்திவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

எது அசல், எது ஃபார்வர்டு

ஒரே படம் பதினைந்து பிரதியாக வரும். டூப்குரு போன்ற இலவச நிரல் ஒத்த படங்களைக் கூட்டமாகக் காட்டும். ஆனால் எதை வைத்துக்கொள்வது என்பதை நிரலிடம் விடக் கூடாது, உங்கள் கண்தான் முடிவு செய்ய வேண்டும். நீள அகலம் அதிகமுள்ளது, எழுத்தின் விளிம்பில் கொசு மொய்த்ததுபோல் புள்ளி குறைவாக உள்ளது, ஓரம் வெட்டப்படாதது: இவை மூலத்துக்கு அருகில் இருப்பவை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஜேபெக் கொஞ்சம் விவரத்தை இழக்கும். அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களின் முத்திரை இருந்தால் அது பல கை மாறிய பிரதி. ஆனாலும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பயணத்தின் சாட்சி அது. வாட்ஸ்ஆப் படங்களின் கோப்புப் பெயரிலேயே வருடம், மாதம், நாள் வரிசையாக இருக்கும். அது உங்கள் போனுக்கு வந்த நாள், உருவான நாள் அல்ல. பெயரை மாற்றினால் அந்தத் தடயமும் போய்விடும்.

ஜிஃப் கோப்பை ஜேபெக்காக மாற்றினால் அசைவு நின்றுபோகும். வாட்ஸ்ஆப் ஜிஃபை வீடியோவாக்கித்தான் அனுப்பும். சேகரிப்பை உறவினருக்கு அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும். ஃபிளாஷ் கோப்பு கிடைத்தால் ரஃபிள் என்ற இலவச நிரலில் திறக்கலாம். 2000-களின் முற்பாதியில் வந்த எளிய கேலிப்படங்கள் அதில் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். ஓடுவதைத் திரைப்பதிவு செய்துகொண்டாலும் மூலக்கோப்பை விடாதீர்கள்.

பழைய தமிழ் ஜோக் தொகுப்பு உரைக்கோப்பாக வந்து, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறதா? கோப்பு கெடவில்லை. அது பாமினி, டிஸ்கி, டாப் போன்ற யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கருவியிலும் தமிழ் காட்டும் பொதுக் குறியீடு) முந்தைய குறியீட்டில் இருக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற குறியீடு மாற்றும் நிரலில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள், சரியானதில் தமிழ் துலங்கும். முதல் பத்து வரியை வைத்துச் சோதித்தபின் முழுதையும் மாற்றுங்கள். எஸ்எம்எஸ் கடி ஜோக்குகள் ஏன் ஆங்கில எழுத்தில் தமிழாக இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 போகும், தமிழில் எழுதினால் 70 தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். பல போன்களில் தமிழ் தெரியவும் தெரியாது. அந்த எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள்.

குறிப்பு எழுதுவதுதான் பெரிய வேலை

படத்தைக் காப்பாற்றிவிட்டு, ஏன் சிரித்தோம் என்பதை விட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து அது வெறும் படம். ஒவ்வொரு கோப்புக்கும் அதே பெயரில் ஒரு சிறு உரைக்கோப்பு வையுங்கள். அதில் எந்தப் படத்தின் எந்தக் காட்சி, நடித்தவர் யார், உங்களுக்கு எப்போது எந்த வழியில் வந்தது, அப்போது நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, புரியாத சொல்லுக்கு விளக்கம் என நாலைந்து வரி போதும்.

நேசமணியை எடுத்துக்கொள்வோம். ‘பிரண்ட்ஸ்’ 2001-இல் வந்தது. வடிவேலு காண்ட்ராக்டர் நேசமணி. அவர் தலையில் சுத்தியல் விழும். 2019 மே கடைசியில், பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு கட்டுமானப் பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லி, நேசமணி கதையையும் நிஜம்போலச் சொன்னார். பிரதமர் பதவியேற்பு நடக்கவிருந்த அதே நேரத்தில், நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் மேலே ஏறியது. இந்த நாலு செய்தியில் ஒன்று இல்லாவிட்டாலும், கட்டுப்போட்ட வடிவேலு படத்தைப் பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது.

தமிழ்க் கிளிப்புகள் பெயர் தொலைத்துச் சுற்றிய காலமும் உண்டு. 1990-இல் வந்த ‘அதிசயப் பிறவி’யில் கிங் காங் ஆடிய ஆட்டம், 2006-இல் ‘லிட்டில் சூப்பர்ஸ்டார்’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தின் ‘கல்லூரி வானில்’ பாட்டு 2007-இல் ஒரு அமெரிக்கர் காதில் விழுந்தபடி ஆங்கில வரி போடப்பட்டு ‘பென்னி லாவா’ ஆனது; நம் ‘நிலாவோ’தான் அவர் காதில் அப்படி விழுந்தது. பார்த்த பலருக்கும் படம் எது, ஆடியவர் யார் என்று தெரியாது. இவற்றின் சரியான பெயரைக் குறிப்பில் எழுத நம்மால்தான் முடியும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டில் இடம்பெற்றன. சுவடிக்குக்கூட என்ன நூல் என்ற விவரப் பட்டியல் இருந்தால்தான் தேடுபவர் கைக்கு அது வரும்.

பகிரும் முன் ஒன்று. நடிகர் முகம் வேறு, ஊர்க்காரர் முகம் வேறு. திருமணத்தில் வழுக்கி விழுந்தவர், பள்ளி மேடையில் பாட்டு மறந்த பிள்ளை இப்படிப்பட்ட கிளிப்புகளைச் சேகரிப்பிலேயே வையுங்கள், வெளியே விடாதீர்கள். 2003-இல் ‘ஸ்டார் வார்ஸ் கிட்’ என்று பரவிய வீடியோவில் இருந்த கனடாச் சிறுவனைக் கேட்டு அதை யாரும் போடவில்லை. விவகாரம் வழக்குவரை போனது. சாதியையும் நிறத்தையும் வைத்து அடித்த பழைய ‘கலாய்’களுக்கும் இதே கதவடைப்புதான்.

எங்கே வைப்பது

மூன்று பிரதி. ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று கிளவுடில், ஒன்று கடற்கரையை விட்டுத் தள்ளி விழுப்புரத்திலோ நெய்வேலியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். பென் டிரைவை நம்பி ஆண்டுக்கணக்கில் விடாதீர்கள். மின்சாரம் காணாமல் கிடக்கும் அதன் நினைவகச் சில்லில் மின்னூட்டம் மெல்லக் கசியும். டிஸ்கை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். மொட்டைமாடியை ஒட்டிய பரண் வேண்டாம், வெயில் காலத்தில் அங்கே சூடு அதிகம். செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், டப்பாவைத் திறந்து டிஸ்கை ஒருமுறை ஓட்டி, இமேஜ் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்து, ஜெல் பொட்டலத்தை மாற்றி மூடுங்கள்.