ஓடுவதற்கு முன்பா, ஓடிய பிறகா? காலை எப்போது நீட்டுவது, எப்படி நீட்டுவது

மன்னார்குடியில் காலை ஐந்தரைக்குப் பாமணியாற்றுக் கரைக்குப் போனால், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஏழெட்டுப் பேரையாவது பார்க்கலாம். ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். அதுதான் காவலர் உடல்தகுதித் தேர்வின் கணக்கு. போன மாதம் அவர்களில் ஒருவன் பைக்கை நிறுத்தினான், ஷூவை மாட்டினான், நேரே பாலத்துக் கைப்பிடிச் சுவரில் குதிகாலைத் தூக்கி வைத்துக் குனிய ஆரம்பித்தான். மூக்கு முழங்காலில் இடிக்கிற மாதிரி, ஆட்டி ஆட்டி.

“தம்பி, முதல்ல கொஞ்சம் நடப்பா” என்றேன்.

“இல்லண்ணே, ஸ்ட்ரெச் பண்ணாம ஓடினா கால் புடிச்சுக்கும்னு சொன்னாங்க.”

எனக்கும் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொன்னார்கள். வரிசையில் நிற்க வைத்து, கால் விரலைத் தொடு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே குனிய வைப்பார்கள். அப்படிக் குனிந்துவிட்டு உடனே முழு வேகத்தில் ஓடிய ஒரு நாளில் பின்தொடை சுரீரென்று இழுத்துக்கொண்டது. மூன்று வாரம் நொண்டினேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கு முன்னால் காலை அசைத்து அசைத்துத் தயார் செய்ய வேண்டும். ஒரே நிலையில் இழுத்துப் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெச்சிங் எல்லாம் ஓடி முடித்த பிறகு. இனி ஒவ்வொன்றாக.

1. நடை, அப்புறம் மெல்லோட்டம்

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் அன்றைக்கே நம் வயலில் பாய்ந்துவிடுமா? கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து ஆறு, கிளையாறு, வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைக்கு எட்டும்போது நாற்றங்கால்காரர் பொறுமை இழந்திருப்பார். தூங்கி எழுந்த உடம்பில் கால்தான் கடைமடை. நடக்க நடக்கத்தான் அங்கே ரத்த ஓட்டம் கூடும், தசையில் சூடு ஏறும். சூடேறிய தசை எளிதாக நீளும், சட்டென்று சுருங்கும். ஓட்டத்துக்கு இரண்டும் வேண்டும்.

ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடங்கள். அடுத்த ஐந்து நிமிடம் மெல்ல ஓடுங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். மார்கழிப் பனியில் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். வியர்த்துவிட்டது, உடம்பு தயார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே வியர்க்கும்.

2. அசைவுகள்

இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த வரிசையில் செய்தால் சுலபம்.

பாலத்துச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நில்லுங்கள். வெளிப்பக்கக் காலை ஊஞ்சல் போல முன்னும் பின்னும் பத்து முறை வீசுங்கள். முதல் இரண்டு மூன்று வீச்சு தாழ்வாக இருக்கட்டும். உயரம் தானாகக் கூடும். அடுத்த காலுக்கும் அதே பத்து. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, காலை இடமும் வலமுமாக வீசுங்கள். தொடையின் உள்பக்கத்துக்கு இது.

அடுத்து, முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் தூக்கி இருபது மீட்டர் போங்கள். திரும்பி வரும்போது குதிகால் பிட்டத்தில் படுகிற மாதிரி காலைப் பின்னால் மடக்கி மடக்கி ஓடி வாருங்கள். யாராவது வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அப்புறம் நெடுங்கால் நடை. ஒரு காலை நீளமாக முன்னே வைத்து, பின்னங்காலின் முழங்கால் தரையைத் தொடப்போகும் வரை இறங்கி, எழுந்து, அடுத்த காலை வையுங்கள். எட்டுப் பத்து அடி போதும். முன்காலின் முழங்கால் உள்பக்கமாகச் சாயக் கூடாது. கடைசியாக, கணுக்காலை இரண்டு பக்கமும் பத்துச் சுற்று. மழை முடிந்து காய்ந்த கரையில் மாட்டுக் குளம்புத் தடம் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். கணுக்கால் தூங்கிக்கொண்டிருந்தால் பிசகிவிடும்.

அந்தத் தம்பி செய்த மாதிரி குளிர்ந்த காலை ஆட்டி ஆட்டி இழுத்தால் என்ன? வேகமாக இழுபடும் தசை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே சுருங்கும். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்கும். சரி, ஆட்டாமல் அசையாமல் பிடித்து நின்றால்? ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் நீட்டிப் பிடித்தால், அதன் வலு கொஞ்ச நேரத்துக்குச் சற்றுக் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய இழப்பு இல்லை. ஆனால் 7 நிமிடக் கோட்டில் ஓரிரு விநாடிக்காகத் தவிக்கிறவனுக்கு அது எதற்கு? கெண்டைக்கால் இறுக்கமாக இருக்கிறது, ஒரு தடவையாவது நீட்டினால்தான் மனசு ஆறும் என்றால், சூடேறிய பிறகு 15, 20 விநாடி பிடியுங்கள். அதில் தவறில்லை.

காயம் வராமல் தடுக்குமா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரை 12 வாரப் பயிற்சியில் இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சிக்கு முன் காலை நீட்டிப் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் கால் காயத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. புதிதாக ஓடுகிறவர்கள் பலர் அடிபடுவது, போன வாரம் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு இந்த வாரம் ஆறு ஓடுவதால்தான்.

3. ஓட்டம்

முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றுகிறவர்கள் முதல் சுற்று முழுக்க மெதுவாகப் போகலாம். 1500 மீட்டரை நேரம் பார்த்து ஓடுகிற நாள் என்றால், அதற்கு முன் 60 முதல் 80 மீட்டர் தூரத்தை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் கூட்டி ஓடிப் பாருங்கள். நடுவில் நடந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. முடித்ததும் உட்காராதீர்கள்

ஓடி வந்த வேகத்தில் மதகுக் கட்டையில் தொப்பென்று உட்காருவது நம்மில் பலருக்குப் பழக்கம். திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றலாம். ஐந்து நிமிடம் நடங்கள். தண்ணீர் குடியுங்கள்.

5. இப்போது நீட்டிப் பிடிக்கலாம்

ஒவ்வொன்றும் 30 விநாடி, இரண்டு தடவை. ஆட்டக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது.

கெண்டைக்காலில்தான் பலர் பாதியோடு விட்டுவிடுகிறார்கள். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நேராக்கி, குதிகாலைத் தரையில் அழுத்துவது எல்லோருக்கும் தெரியும். அது மேலே இருக்கிற பெரிய தசைக்கு. அதற்கு அடியில் இன்னொரு தசை இருக்கிறது. அதே நிலையில் பின்னங்காலின் முழங்காலைச் சற்று மடக்கினால்தான் அது நீளும். இழுவை கீழே, குதிகால் தசைநாணுக்குப் பக்கத்தில் தெரியும். இரண்டையும் செய்யுங்கள்.

முன்தொடைக்கு, நின்றபடியே காலைப் பின்னால் மடக்கிக் கணுக்காலைக் கையால் பிடியுங்கள். இரண்டு முழங்காலும் சேர்ந்திருக்கட்டும். பின்தொடைக்கு, குதிகாலைத் தாழ்வான படியில் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். விரலைத் தொட்டே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. நாள் முழுக்கக் கடையில், ஆபீஸில் உட்காருகிறவர்கள் இடுப்பின் முன்பக்கத்தையும் விடக் கூடாது: ஒரு முழங்காலைத் துண்டின் மேல் ஊன்றி, மறுகாலை முன்னே வைத்து, இடுப்பை முன்னால் தள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தால் மறுநாள் வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு, 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நீட்டிப் பிடிப்பதால் தசைவலி குறைவது மிகமிகச் சொற்பம் என்றுதான் சொன்னது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்கும்போது வருகிற வலி, பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் அல்ல. அந்த அமிலம் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் வடிந்துவிடும். பிறகு எதற்கு நீட்டுவது? வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் செய்தால் மூட்டுகள் வளைந்து கொடுக்கும். எனக்கு அது போதும். ஓடி முடித்ததும் செய்ய நேரமில்லையா, சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டுச் செய்யலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஓடும்போது சுரீரென்று இழுத்துக்கொண்டது, வீக்கமோ கன்றிய நிறமோ தெரிகிறது என்றால், அந்தத் தசையை நீட்டி ‘எடுத்துவிட’ப் பார்ப்பது கிழிந்த துணியைப் பிடித்து இழுப்பது மாதிரி. நான் அதைச் செய்துதான் ஒரு வாரத்தில் போயிருக்க வேண்டியதை மூன்று வாரம் ஆக்கினேன். ஓட்டத்தை நிறுத்துங்கள். காலை ஊன்ற முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் களிமண் கரை வழுக்கும். அப்போது கரையில் ஒற்றைக்காலில் நின்று சாகசம் செய்ய வேண்டாம். வீட்டுக்கு நடந்து வந்து, ஷூவில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் படியைச் செய்யுங்கள்.