சிந்தசைசரில் கொள் ஒலி: மூச்சு அறுபடாத ஊதலை அமைக்கும் வழி

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் ஊதும், நாதஸ்வர வகைக் குழலான கொள்ளின் சத்தம் வேண்டுமென்றால் பலரும் ஷெனாய் ப்ரீசெட்டை (முன்பே அமைத்து வைத்த ஒலியை) அழுத்தி ஒப்பேற்றிவிடுகிறார்கள். சுரங்கள் தனித்தனியாக வெட்டுப்பட்டு விழும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே ஊதுவதால் கொள்ளில் இடைவெளியே விழாது.

ஆகவே முதலில் மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (சுரங்களைக் கோத்து வாசிப்பது), சிங்கிள் ட்ரிகர் (கோத்து வாசிக்கும் வரை என்வலப் மறுபடி தொடங்காது). என்வலப்பில், அதாவது ஒலி எழுந்து அடங்கும் வடிவத்தில், சஸ்டெயின் (நிலைத்து நிற்கும் அளவு) முழுதாக, அட்டாக் (எழும் நேரம்) 20 மில்லிசெகண்ட், ரிலீஸ் (அடங்கும் நேரம்) 60. ஒரு கட்டையை விடுமுன்பே அடுத்ததை அழுத்திப் பழகுங்கள். விரல் தூங்கினால் என்வலப் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

கொள் சீவாளி வைத்த கூம்புத் துளைக் கருவி என்பதால் ஒற்றைப்படை, இரட்டைப்படை ஹார்மானிக்ஸ் (அடிச்சுரத்தின் மடங்குகளாக ஒலிக்கும் சுரங்கள்) இரண்டும் வரும். ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டரில் சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலை போடுங்கள். ஸ்கொயர் வைத்தால் கிளாரினெட் வாடை அடிக்கும். புல்லாங்குழலுக்கு ட்ரையாங்கிள் போதும்.

சாடூத்தை, கட்-ஆஃப் என்ற எல்லைக்கு மேலுள்ள ஒலிகளைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டரில் விட்டு, கீ-ட்ராக்கிங்கை (சுரம் ஏற ஏற அந்த எல்லையும் ஏறும் அளவை) 60 சதவீதம் வையுங்கள். பிறகு ஈக்யூவில் (ஈக்வலைசரில்) 1000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு, 3000 அருகே சின்னதாக இன்னொன்று. இவை ஓபோ என்ற மேற்கத்தியச் சீவாளிக் குழலுக்கு உரிய இடங்கள். அங்கே தொடங்கி, நல்ல பதிவு ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டு நகர்த்துங்கள். இந்த மேடுகள் சுரத்தோடு சேர்ந்து ஏறக்கூடாது. ஏறினால் மேல்ஸ்தாயி கொசு ரீங்காரமாகிவிடும். அதனால்தான் கட்-ஆஃபோடு சேர்ந்து நகரும் ஃபில்டர் ரெசொனன்ஸை நம்பாமல் ஈக்யூவில் செய்கிறோம்.

சீவாளி பிடிக்கும் அந்த முதல் நொடித்துளிக்குப் பிட்ச் என்வலப்: 40 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே ஆரம்பித்து 40 மில்லிசெகண்டில் சுரத்துக்கு வரட்டும். கூடினால் பூனை கத்தும். போர்ட்டமென்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) லெகாட்டோவுக்கு மட்டும், 20 மில்லிசெகண்ட்.

தானாக ஓடும் வைப்ரேட்டோவை (சுருதி நடுக்கத்தை) அணைத்துவிடுங்கள். அதற்குப் பதில் 0.3 ஹெர்ட்ஸ் ரேண்டம் எல்எஃப்ஓவால் (மெதுவாக அலையும் ஆசிலேட்டரால்) பிட்ச் 6 சென்ட் அலையட்டும். வெலாசிட்டியை (கட்டையை அடிக்கும் வேகத்தை) வால்யூமில் கொடுக்காமல் கட்-ஆஃபில் கொஞ்சம் கொடுங்கள். எக்ஸ்பிரஷன் பெடலும் கட்-ஆஃபையே அதிகம் திறக்கட்டும். அழுத்தி ஊதும்போது சத்தத்தைவிடக் கூர்மைதான் கூடும். நாய்ஸ் (இரைச்சல்) லேசாக, காதுக்குத் தனியாகத் தெரியாத அளவு.

இரண்டு கொள் சேர்ந்து ஊதுவதாகக் காட்ட கோரஸ் எஃபெக்ட் வேண்டாம், அது ஒரே தாளத்தில் அலைபாயும். இதே பேட்சை (இப்போது அமைத்த ஒலியை) இன்னொரு டிராக்கில் 10 சென்ட் தள்ளி, தனியாக வாசித்துப் பதியுங்கள். திறந்தவெளியில் ஊதும் வாத்தியம். ஹால் ரிவெர்ப் (மண்டப எதிரொலி) போட்டால் இடமே மாறிவிடும்.

நிஜ ஊதுகருவியோடு சேர்த்து வாசிப்பவர்களுக்குக் குளிர் ஒரு தொல்லை. 25 டிகிரியில் வினாடிக்கு 346 மீட்டர் ஓடும் ஒலி, 10 டிகிரியில் 337தான் ஓடும். கணக்குப்படி ஊதுகருவி சுமார் 45 சென்ட் இறங்க வேண்டும். வாய்ச்சூட்டால் அவ்வளவு இறங்காது. உயரத்தால் சுருதி மாறுவதாகச் சொல்வது தவறு, ஊட்டியின் 2240 மீட்டருக்கு இதில் பங்கில்லை. கருவி ஊதிச் சூடேறிய பிறகு சிந்தசைசரின் மாஸ்டர் ட்யூனை (மொத்தச் சுருதியை) 440 ஹெர்ட்ஸிலிருந்து இறக்கிச் சேருங்கள். அனலாக் சிந்தசைசரானால் அரைமணி நேரம் ஓடவிட்டபின் சுருதி பாருங்கள். பனியில் வந்த பெட்டியைச் சூடான அறைக்குள் வைத்ததும் ஆன் செய்யாதீர்கள். உள்ளே சர்க்யூட்டில் ஈரம் பூத்திருக்கும்.