ஆய்வேட்டில் செயற்கை நுண்ணறிவின் வரிகள்: சமர்ப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

சாட்ஜிபிடி தரும் பத்தியை ஆய்வேட்டில் அப்படியே ஒட்டிவிட்டு, 'இது எங்கிருந்தும் எடுத்ததல்ல' என்று நம்பியிருப்பது ஆபத்தானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டி 40 வரை இருந்தால் 6 மாதங்களுக்குள் திருத்தித் தர வேண்டும்; 60ஐக் கடந்தால் ஆய்வுப் பதிவே ரத்தாகும்.

இதைவிட எனக்குக் கவலை தருபவை இத்தகைய கருவிகள் தரும் போலி மேற்கோள்கள். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். தேடிப் பார்த்தால் அப்படியொரு கட்டுரையே இருக்காது. ஆகவே, ஒவ்வொரு மேற்கோளையும் மூல நூலிலோ இதழின் இணையதளத்திலோ தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதி வந்தால், எந்த நாளில் எந்த வரி மாறியது என்பது பதிப்பு வரலாற்றில் பதிந்திருக்கும். செயற்கை நுண்ணறிவின் எழுத்தைக் கண்டறியும் மென்பொருள்கள் மனிதர் எழுதியதையும் தவறாகச் சுட்டுவதுண்டு என்பதால், அப்போது காட்டுவதற்கு அது நல்ல சான்று. கருவியைப் பயன்படுத்தியிருந்தால், எந்தப் பகுதிக்கு, எதற்காக என்பதை நெறியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, முன்னுரையிலும் குறிப்பிட்டுவிடுங்கள்.