கத்தி எறியப் பழகும்போது எங்கே தப்பு நடக்கிறது?

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருபது நிமிடம் கத்தி எறிவேன். மூன்று கத்தி, ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். எறிவது, நடந்து போய்ப் பிடுங்குவது, திரும்ப வந்து கோட்டில் நிற்பது. கத்தி கட்டையில் இறங்கும் அந்த ‘தக்’ சத்தம் நாலைந்து முறை கேட்பதற்குள் மூச்சு சீராகிவிடும். இதைச் சொன்னால் பலருக்கும் ஆசை வருகிறது. அடுத்த நாளே காய் நறுக்கும் கத்தியையும் ஒரு பலகையையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். கத்தி, பலகை, மாடி மூன்றுமே தப்பு.

முதலில் கத்தி. சமையலறைக் கத்தியின் கூர் சீக்கிரம் மழுங்கக் கூடாது என்று அதைக் கடினமாகப் பதப்படுத்தியிருப்பார்கள். கடினமான எஃகு வளைந்து கொடுக்காது, ஒடிந்துவிடும். ஆரம்பத்தில் நானும் அதைத்தான் எறிந்தேன். ஒரு எறி பக்கவாட்டில் பட்டது. எடுத்துப் பார்த்தால் நகக்கண் அளவுக்கு நுனியைக் காணோம். மறுநாள் காலையில்தான் கிடைத்தது: துவைக்கிற கல் ஓரத்தில், நான் நின்ற இடத்துக்கும் பின்னால். என் முகத்தைத் தாண்டித்தான் அது போயிருக்க வேண்டும். அன்றிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கத்தியைத் தொடுவதில்லை.

எறிவதற்கென்று செய்யும் கத்தி வேறு. லாரிப் பட்டை மாதிரி வளைந்து நிமிரும் ஸ்பிரிங் எஃகு, பிடியும் அலகும் ஒரே தகடு. மரப்பிடி, ரிவெட் எதுவும் கிடையாது. பக்கங்களில் கூர் இருக்காது, நுனியில் மட்டும்தான். 30 செ.மீ. நீளம், 200 முதல் 300 கிராம் எடை என்றால் பழக நன்றாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சின்னதாக, லேசாக ஒன்றை வாங்குவது வழக்கம். ஆனால் குட்டிக் கத்தி படபடவென்று சுழலும், கையின் சிறு தடுமாற்றமும் அதில் பெரிதாகிவிடும். அதைக் குத்தவைக்க விசையைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் முழங்கை வலிதான் மிஞ்சும்.

அடுத்தது பலகை. பலகையில் மரத்தின் நார் படுத்துக் கிடக்கிறது. நுனி உள்ளே போக வேண்டுமானால் அந்த நாரைக் குறுக்கே அறுக்க வேண்டும், முடியாதபோது கத்தி எகிறித் திரும்பி வருகிறது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்த வட்டக் கட்டையிலோ நார் முழுக்க நம்மைப் பார்த்து நிற்கும். கட்டிய விளக்குமாற்றின் நுனிக்குள் குச்சியைச் செருகுகிற மாதிரி, கத்தி நாரை விலக்கிக்கொண்டு இறங்கும். பிடுங்கினால் நார் மறுபடி நெருங்கிக்கொள்ளும். கசாப்புக் கடைக் கட்டையும் வட்டம்தானே என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் புளியங்கட்டை. வெட்டுக்கத்தி வருடக்கணக்கில் விழுந்தாலும் தாங்கட்டும் என்று பார்த்து எடுத்த மரம், நம் கத்தியைத் திருப்பி அனுப்பும். வேம்பும் தேக்கும் கருவேலமும் கூட வேண்டாம். இலவம், கல்யாண முருங்கை, தீக்குச்சிக்கு அறுக்கிற பெருமரம் மாதிரி மென்மரமாக, 10 முதல் 15 செ.மீ. கனத்தில் அறுத்து வாங்குங்கள். காய்ந்து இறுகினால் தண்ணீரில் நனைத்து வையுங்கள். நிற்கிற மரத்தில் மட்டும் தயவுசெய்து எறியாதீர்கள். பட்டை கிழிந்த இடத்தில் பூச்சியும் பூசணமும் புகுந்துவிடும்.

மாடி ஏன் கூடாது என்றால், சிமென்ட் தரையில் விழும் கத்தி துள்ளும். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் கீழே தெரு. மண் தரையே நல்லது. கட்டைக்குப் பின்னால் பழைய தார்ப்பாயைத் தொளதொளவென்று தொங்கவிட்டால் தப்பிய கத்தி அதில் மோதிக் கீழே விழுந்துவிடும். வேடிக்கை பார்ப்பவர்கள் நமக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டராவது தள்ளி நிற்கட்டும், பக்கத்தில் வேண்டாம். செருப்பு போதாது, ஷூ போடுங்கள்.

சரி, இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் கத்தி ஏன் குத்துவதில்லை? பத்தில் எட்டுப் பேர் ஓங்கி எறிவதால்தான். கத்தி நேராகப் பறப்பதில்லை, சுழன்றுகொண்டே போகிறது. கட்டையைத் தொடும் நொடியில் நுனி முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பிடியைப் பிடித்து எறிந்தால் மூன்றிலிருந்து நான்கு மீட்டருக்குள் ஒரு முழுச் சுற்று முடியும். கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தால் சுற்றும் ஒரே மாதிரி முடியும். பலத்தைக் கூட்டும்போது மணிக்கட்டு தானாக மடங்கிச் சுண்டிவிடுகிறது, சுற்று கெடுகிறது. சுத்தியலைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். மணிக்கட்டை இறுக்கி வைத்து, தோளிலிருந்து கையை மெதுவாகக் கொண்டுவந்து, கத்தி தானாக நழுவிப் போக விடுங்கள். விட்ட பிறகும் கை கீழே வரைக்கும் வரட்டும்.

குத்தாவிட்டால் கையை மாற்றாதீர்கள், காலை மாற்றுங்கள். கத்தி படும்போது பிடி மேலே தூக்கியிருந்தால் சுற்று கூடிவிட்டது, ஒரு அடி முன்னால் வாருங்கள். பிடி கீழே தொங்கினால் சுற்று குறைந்துவிட்டது, ஒரு அடி பின்னால் போங்கள். சரியாக வந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் கோடு 3.4 மீட்டரில் இருக்கிறது, உங்களுடையது வேறாக இருக்கும். இந்தக் கோடு கிடைப்பதற்கு முன்பே தூரத்தைக் கூட்டுவது இன்னொரு தவறு.

வீட்டுச் சாமான்களையும் எறிந்து பார்க்க ஆசை வரும். கத்தரிக்கோல் வேண்டாம், திருகாணி மூட்டு பிளந்துகொள்ளும். ஸ்க்ரூடிரைவர் குத்தும், ஆனால் பிளாஸ்டிக் பிடி நாளடைவில் விரிந்து தெறிக்கும். மனசை லேசாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் நான் சீட்டுக்கட்டைத்தான் சொல்வேன். அறைக்குள்ளேயே எறியலாம், குறிக்கு ஒரு தர்பூசணியோ அட்டைப் பெட்டியோ போதும். ஆனால் கத்திப் பழக்கத்தோடு சீட்டை எறிந்தால் அது காற்றில் தடுமாறி விழும். இங்கே எல்லாம் தலைகீழ்: மணிக்கட்டைச் சுண்ட வேண்டும், சீட்டு தட்டையாகச் சுழன்றால்தான் நிலைத்துப் பறக்கும். ரிக் ஸ்மித் ஜூனியர் என்ற அமெரிக்க மாயாஜாலக்காரர் 2002-இல் ஒரு சீட்டை 65.96 மீட்டர் தூரம் எறிந்து கின்னஸ் சாதனை படைத்தது இப்படித்தான். சீட்டுதானே என்று எதிரில் ஆளை நிற்கவைக்காதீர்கள், விளிம்பு கண்ணில் பட்டால் கிழித்துவிடும்.

கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதும் கூடாது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ உரியதாக இல்லாத கத்தியை இந்திய ஆயுத விதிகள் ஆயுதமாகவே கணக்கில் வைக்கின்றன. பேருந்தில் பை சோதனை நடந்தால் பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம், மூன்று கத்தியையும் ஒரே புள்ளியில் எறியாதீர்கள். குத்தி நிற்கிற கத்தியின் மேல் அடுத்தது மோதினால் பிடியில் பிசிர் கிளம்பும், அடுத்த எறியில் அது உள்ளங்கையைக் கீறும். கட்டையில் மூன்று இடத்தில் பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த கத்தி திடீரென்று பிடிப்பக்கமாகவே படத் தொடங்கினால் கை அசந்துவிட்டது என்று அர்த்தம். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று இழுக்காமல் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். பிசிரை விரலால் தடவிப் பார்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் எனக்கு அன்றைய எறி முடிகிறது.