ஊர் சுற்றிக்கொண்டே வேலை: நாள் கணக்கில் கோட்டை விடாதீர்கள்

போன மாதம் பெங்களூர் அல்சூரில் ஒரு தர்ஷினியில், அதாவது நின்றுகொண்டே சாப்பிடுகிற சின்ன ஹோட்டலில், நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த தம்பி திருப்பூர்க்காரன். பிடிஎம் லேஅவுட்டில் அறை எடுத்துத் தங்கி, அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குத் தனியாக மென்பொருள் வேலை செய்கிறான். "அக்கா, அக்டோபர்ல கிளம்புறேன். 182 நாள் வெளியில இருந்துட்டா டாக்ஸே கிடையாதாமே" என்றான். அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை. 2022-இல் இதையேதான் நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பவர் பேங்க், பயணக் காப்பீடு, வைஃபை வேகம் பற்றியெல்லாம் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். பணத்தையும் தூக்கத்தையும் கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

182 நாள்

2022 அக்டோபர் 2-ஆம் தேதி பெங்களூர் தேவனஹள்ளியில் விமானம் ஏறினேன். பாங்காக், பினாங்கு, கடைசியில் ஜார்ஜியா நாட்டின் திபிலிசி. திரும்பி வந்தது 2023 மே 20. மொத்தம் 230 நாள். நடுவில் பிப்ரவரியில் தங்கைக்கு வளைகாப்பு. "இப்போது வந்தால் கணக்கு கெட்டுவிடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, திபிலிசியில் ஒரு குளிர்ந்த அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். தங்கை கையில் வளையல் அடுக்குவதைப் பார்க்கும்போதே இணைப்பு அறுந்துபோனது.

ஜூலையில் ஆடிட்டர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதினார். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 2. கூட்டினால் 185. "இந்த வருஷம் நீங்க இந்தியாவில்தான் இருந்திருக்கீங்க" என்றார்.

வரிக்கு ஆண்டு என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஏப்ரல்–மார்ச்சுக்குள் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். என் 230 நாள் இரண்டு நிதியாண்டுகளில் பிளந்து கிடந்தது. முதல் ஆண்டும் தேறவில்லை, மே மாதமே திரும்பிவிட்டதால் இரண்டாவது ஆண்டும் தேறவில்லை. நான் காத்துக்கிடந்த அந்தப் பிப்ரவரிக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

செப்டம்பர் 28-க்குள் கிளம்பியிருந்தால் மட்டும் தப்பித்திருப்பேனா? அதுவும் நிச்சயம் இல்லை. அந்த 182 நாள் வரம்பு, வேலைக்காக நாட்டை விட்டுப் போகிற இந்தியக் குடிமக்களுக்கான சலுகை. அது கிடைக்காதவர்களுக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இங்கே இருந்திருந்தால், அந்த ஆண்டில் வெறும் 60 நாள் இருந்தாலே போதும், இங்கே வசிப்பவர்தான். சுற்றுலா விசாவில் போய்விட்டு "வேலைக்காகத்தான் போனேன்" என்று எப்படி வாதாடுவது?

சரி, நாள் கணக்கெல்லாம் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் பணம் நேராக உங்கள் பெங்களூர் சேமிப்புக் கணக்கில் விழுந்தால், அது இந்தியாவில் பெற்ற வருமானம். இங்கே வசிக்காதவருக்கும் அதற்கு வரி உண்டு. எனக்கு எட்டு மாதப் பணமும் அப்படித்தான் விழுந்தது.

வரியே கிடையாது என்று நம்பியதால், ஆண்டு முடிவதற்குள்ளேயே கட்ட வேண்டிய முன்கூட்டிய வரி ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அசல் வரியோடு மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டியும் சேர்ந்தது. பெங்களூரில் வீடு பிடிக்க அட்வான்ஸுக்கென்று எடுத்துவைத்திருந்த பணம் முழுக்க அதற்கே போய்விட்டது. மடிவாளாவில் தோழி வீட்டில் நான்கு மாதம் இருந்தேன்.

இதில் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தொழில்நுட்ப ஆலோசனை போன்ற சில தொழில்களில் இருக்கிற, இங்கே வசிக்கிற தனிநபர், வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். ஆண்டு வரவு 50 லட்சம் வரை. ரொக்கமாக வாங்கியது ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 2023-24 முதல் 75 லட்சம் வரை. முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். இது முன்பே தெரிந்திருந்தால் நான் நாள் எண்ணிக்கொண்டே இருந்திருக்க மாட்டேன், வளைகாப்புக்கும் வந்திருப்பேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள். வந்த பிறகு பார்த்தால் அவர் கூட்டித்தான் காட்ட முடியும். கிளம்பும் நாளையும் வந்திறங்கும் நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு.

சுற்றுலா விசாவில் வேலை

"லேப்டாப்பை யார் பார்க்கப்போறாங்க" என்கிறார்கள். குடியேற்ற அதிகாரி கேட்கிற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். இப்போது வழிகள் வந்துவிட்டன. எஸ்டோனியா 2020-இலேயே, அங்கே தங்கி வெளிநாட்டு வேலை பார்ப்பவர்களுக்கென்று தனி விசா கொண்டுவந்தது. அதே மாதிரி மலேசியாவில் 2022 முதல் டிஇ ராண்டாவ், தாய்லாந்தில் 2024 முதல் டிடிவி என்கிற விசா. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கனில், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதால் அந்த எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது.

கம்பெனியிடம் சொல்லாமல் கிளம்புவது

செய்யாதீர்கள்.

கிழக்கே போவது

வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்தால், அவருடைய காலை ஒன்பது மணி கோடையில் நமக்கு மாலை ஆறரை. பாலிக்குப் போனால் இரவு ஒன்பது, திபிலிசியில் மாலை ஐந்து. குளிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பாலியின் படங்களைப் பார்த்துக் கிளம்பியவர்கள் நள்ளிரவு மீட்டிங்கில் உட்கார்ந்து, பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள். அமெரிக்க வேலை என்றால் மேற்கே போங்கள். ஆஸ்திரேலிய வேலை என்றால் கிழக்கே.

வாரத்துக்கு ஓர் ஊர்

மாதத்துக்கு ஓர் ஊர். அதற்குக் குறைந்தால் வேலை கெடும்.

சிம்

வங்கி ஓடிபி வருகிற எண்ணை ரீசார்ஜ் செய்யாமல், ரோமிங்கைப் போடாமல் விமானம் ஏறாதீர்கள்.

திருப்பூர்த் தம்பி அன்று கைபேசியில் காலண்டரைத் திறந்து ஏப்ரலிலிருந்து எண்ண ஆரம்பித்தான். ஆகஸ்ட் வந்ததும் நிறுத்திவிட்டு, "அக்கா, உங்க ஆடிட்டர் நம்பர் குடுங்க" என்றான்.